யூரியா மூட்டையில் 46, கணக்கில் 46.65: நிறை சதவீதம் எங்கே மாறுகிறது?

கேள்வி இதுதான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒருவர், விவசாயக் குடும்பம், நிறை சதவீதக் கணக்கைப் படித்த கையோடு வீட்டில் அடுக்கியிருந்த உர மூட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார். யூரியாவில் நைட்ரஜன் 46.65 சதவீதம் வருகிறது, மூட்டையில் 46 என்று போட்டிருக்கிறது. டிஏபியில் (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) நைட்ரஜன் 21.2 வருகிறது, மூட்டையில் 18. அதே டிஏபியில் பாஸ்பரஸ் 23.45 வருகிறது, மூட்டையில் 46! பொட்டாஷில் பொட்டாசியம் 52.45 வருகிறது, மூட்டையில் 60. ஒரு இடத்தில் கூடுகிறது, ஒரு இடத்தில் குறைகிறது, நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று கேட்கிறார். தேர்வில் எந்த எண்ணை எழுதுவது என்றும் சந்தேகம்.

எங்கேயும் தப்புப் பண்ணவில்லை. நீங்கள் போட்ட நாலு எண்ணும் சரி, மூட்டையில் இருக்கும் நாலு எண்ணும் சரி. பாடப்புத்தகம் கேட்பது ஒன்று, மூட்டை சொல்வது வேறொன்று. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் இரண்டு விஷயம் தெரியாமல் அந்த எண்ணைத் தொடக்கூடாது: வகுக்கும் இடத்தில் எது நிற்கிறது (சுத்தமான சேர்மமா, மூட்டைக்குள் இருக்கும் மொத்தச் சரக்கா), மேலே எதை எண்ணியிருக்கிறார்கள் (தனிமத்தையா, அதன் ஆக்சைடையா). உங்கள் குழப்பம் மொத்தமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில் கணக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். அணு நிறைகள் வரிசையாக 12.01, 16.00, 14.01, 1.008. நைட்ரஜன் இரண்டு என்பதால் 28.02, ஹைட்ரஜன் நான்கு என்பதால் 4.03. எல்லாம் கூட்டினால் 60.06, இது யூரியாவின் மோலார் நிறை. இதில் நைட்ரஜனின் பங்கு 28.02 ÷ 60.06 × 100 = 46.65 சதவீதம். இதே மாதிரி கார்பன் 20.00, ஆக்சிஜன் 26.64, ஹைட்ரஜன் 6.71. நாலையும் கூட்டிப் பாருங்கள், 100 வரும். வராவிட்டால் எங்கேயோ ஒரு அணுவை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கூட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

மாணவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று அடைப்புக்குறி. அம்மோனியம் சல்பேட்டில் அம்மோனியம் அடைப்புக்குறிக்குள் இருக்கும், வெளியே கீழே 2 இருக்கும். அந்த 2 நைட்ரஜனுக்கும் உண்டு, ஹைட்ரஜனுக்கும் உண்டு. ஆக நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8. ஹைட்ரஜனை 4 என்றே வைத்துவிட்டால் மோலார் நிறை 132.14-க்குப் பதில் 128 சொச்சம் என்று வந்து கணக்கே சாய்ந்துவிடும். இன்னொன்று அணுக்களை எண்ணுவதற்கும் எடையை எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். யூரியாவில் மொத்தம் 8 அணு, அதில் 2 நைட்ரஜன், எண்ணிக்கையில் கால்வாசி. எடையில் கிட்டத்தட்டப் பாதி. தண்ணீரில் மூன்றில் இரண்டு அணு ஹைட்ரஜன்தான், எடையில் பார்த்தால் வெறும் 11.19 சதவீதம். ஹைட்ரஜன் அவ்வளவு லேசு.

தேர்வு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். தேர்வில் கேட்பது சுத்தமான சேர்மத்தைப் பற்றி, தனிமத்தைப் பற்றி. அதனால் யூரியாவுக்கு 46.65 எழுதுங்கள். கேள்வித்தாளில் அணு நிறைகளை 12, 16, 14, 1 என்று முழு எண்களாகக் கொடுத்திருந்தால் 28 ÷ 60, அதாவது 46.67 வரும், அதுவும் சரி. கொடுத்த அணு நிறையை விட்டுவிட்டு நீங்களாக ஒன்றைப் போடாதீர்கள். அப்புறம், இடையில் வரும் எண்களை ரொம்பச் சுருக்காமல் கடைசியில் மட்டும் முழுமைப்படுத்துங்கள். மூட்டையில் இருக்கும் எண்ணைத் தேர்வுத்தாளில் எழுதினால் மார்க் போய்விடும்.

ஒரு சேர்மத்துக்கு ஒரே சதவீதம்தான் வரும் என்று நாம் இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்கே ஒரு சண்டை நடக்க வேண்டியிருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் ப்ரூஸ்ட் ஸ்பெயினில் வேலை பார்த்த காலத்தில் தாமிரக் கார்பனேட்டை எடுத்துக்கொண்டு, மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததும் தான் ஆய்வகத்தில் தயாரித்ததும் ஒரே விகிதத்தில்தான் இருக்கின்றன என்று 1799-ல் காட்டினார். பெர்த்தோலே என்ற இன்னொரு பெரிய வேதியியலாளர், தயாரிக்கும் விதத்தைப் பொறுத்து விகிதம் மாறும் என்று பல வருடம் எதிர்த்து வாதாடினார். ப்ரூஸ்ட் ஜெயித்தார், அதுதான் மாறா விகித விதி. பெர்த்தோலேயும் முழுக்கத் தோற்றுவிடவில்லை. இரும்பின் ஆக்சைடு ஒன்றில் ஆக்சிஜன் ஒன்றுக்கு இரும்பு சரியாக ஒன்றாக இருக்காது, ஏறக்குறைய 0.95 என்று கொஞ்சம் குறைந்தே இருக்கும், தயாரிக்கும் வெப்பநிலையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறவும் செய்யும். இப்படிச் சில திடப்பொருள்கள் இருக்கின்றன. பள்ளிக் கணக்கில் அவை வராது.

சரி, மூட்டைக்கு வருவோம். யூரியாவில் 46.65 ஏன் 46 ஆனது? மூட்டைக்குள் இருப்பது சுத்தமான யூரியா இல்லை, அவ்வளவுதான் காரணம். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவில் ஈரப்பதம் அதிகபட்சம் 1 சதவீதம், பையூரெட் அதிகபட்சம் 1.5 சதவீதம், நைட்ரஜன் குறைந்தபட்சம் 46 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பையூரெட் என்பது, ஆலையில் யூரியா உருகிய நிலையில் சூடாக இருக்கும்போது இரண்டு யூரியா மூலக்கூறு சேர்ந்து ஒரு அம்மோனியாவை வெளியே விட்டுவிட்டு உண்டாகும் பொருள். பயிருக்கு நல்லதில்லை, இலையில் தெளித்தால் நுனி கருகும், அதனால்தான் வரம்பு. அதிலும் நைட்ரஜன் இருக்கிறது, 40.8 சதவீதம்.

இப்போது வரம்பின் விளிம்பில் நிற்கும் ஒரு யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவில் 1 கிலோ தண்ணீர், 1.5 கிலோ பையூரெட், மீதி 97.5 கிலோ யூரியா. யூரியாவிலிருந்து நைட்ரஜன் 45.48 கிலோ, பையூரெட்டிலிருந்து 0.61 கிலோ, மொத்தம் 46.09. பார்த்தீர்களா, அசுத்தம் எல்லாம் உச்சத்தில் இருந்தாலும் 46-ஐத் தொட்டுவிடுகிறது. ஆணைப்படி இந்த 46 ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டிய எண், அப்படிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆக மூட்டையில் இருக்கும் 46 என்பது அளந்து எழுதிய எண் இல்லை, இதற்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம். யூரியா மூட்டையின் எடை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது, அதனால் ஒரு மூட்டைக்கு 45 × 0.46 = 20.7 கிலோ நைட்ரஜன். பழைய கணக்கில் மூட்டைக்கு 23 கிலோ என்று மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் "ஏக்கருக்கு ரெண்டு மூட்டை" என்று சொன்னால் எந்த மூட்டை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டிஏபிதான் உண்மையான தலைவலி, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். டை அம்மோனியம் பாஸ்பேட்: நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 9, பாஸ்பரஸ் 1, ஆக்சிஜன் 4. மோலார் நிறை 132.06. நைட்ரஜன் 21.2 சதவீதம், பாஸ்பரஸ் 30.97 ÷ 132.06, அதாவது 23.45 சதவீதம். மூட்டையில் 18-46-0. மூன்று எண்ணும் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். இதில் 46 உங்கள் 23.45-ன் இரண்டு மடங்கு மாதிரி தெரிவது தற்செயல், இரண்டால் பெருக்கி யாரும் எழுதவில்லை. அந்த 46 பாஸ்பரஸே இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடு. அதாவது டிஏபிக்குள் இருக்கும் பாஸ்பரஸ் முழுவதும் பென்டாக்சைடாக மாறினால் எவ்வளவு எடை இருக்குமோ, அது.

பென்டாக்சைடில் பாஸ்பரஸ் 2, ஆக்சிஜன் 5, மோலார் நிறை 141.94. அதில் பாஸ்பரஸ் 61.94, அதாவது 43.64 சதவீதம். மூட்டையின் 46-ஐத் தனிமமாக மாற்ற 46 × 0.4364 = 20.1 சதவீதம் பாஸ்பரஸ். உங்கள் 23.45-ஐவிட இது குறைவு, ஏனென்றால் இங்கேயும் சரக்கு சுத்தமில்லை. எதிர்ப்பக்கமாகவும் போட்டுப் பார்க்கலாம்: சுத்தமான டிஏபியை உரக் கணக்கில் எழுதினால் 21-54-0 என்று வரும். மூட்டையில் 18-46-0. 18-ஐ 21.2-ஆல் வகுத்தாலும் 46-ஐ 53.7-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய 0.85 வருகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம், சரக்கில் ஏறக்குறைய 85 சதவீதம் டிஏபி என்று நீங்களே சொல்லிவிடலாம், ஆய்வகமே தேவையில்லை. மீதி எங்கிருந்து வந்தது என்றால், பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள், அப்போது பாறையில் இருந்த இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் எல்லாம் கூடவே வந்துவிடும். கொஞ்சம் ஈரமும் உண்டு. பயிருக்கு அதனால் நஷ்டமில்லை, அதைச் சுத்தம் செய்யப் போனால் விலைதான் ஏறும்.

ஏன் இப்படி ஆக்சைடாக எழுதுகிறார்கள்? பழைய வழக்கம், வேறு காரணமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு செடியில் என்ன தாது இருக்கிறது என்று பார்க்க அதை எரித்துச் சாம்பலாக்கித்தான் ஆராய்ந்தார்கள், முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் பெர்சீலியஸ் போன்ற பெரிய வேதியியலாளர்களே எந்த உப்பையும் இரண்டு ஆக்சைடுகள் சேர்ந்தது என்றுதான் பார்த்தார்கள். அந்தக் கொள்கை எப்போதோ போய்விட்டது, எழுதும் முறை மட்டும் தங்கிவிட்டது. சிமெண்ட் ஆய்வறிக்கையை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் கால்சியம் ஆக்சைடு இத்தனை, சிலிக்கன் டையாக்சைடு இத்தனை என்றுதான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் உர மூட்டையில் தனிமமாகவே எழுதுகிறார்கள், நாமும் மாறியிருக்கலாம், ஆனால் மண் பரிசோதனை அட்டை, பரிந்துரை, கடைக்காரர் வாய்க்கணக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், நடுவில் நடக்கும் குழப்பத்தை நினைத்தால் இப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

இந்த வழக்கத்தின் உச்சகட்ட வேடிக்கை பொட்டாஷ் மூட்டை. உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு, ஒரு பொட்டாசியம், ஒரு குளோரின், ஆக்சிஜன் துளிகூடக் கிடையாது. மூட்டையில் 60 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு! இல்லாத பொருளின் சதவீதம். கணக்கு: மோலார் நிறை 74.55, பொட்டாசியம் 39.10, ஆக 52.45 சதவீதம். பொட்டாசியம் ஆக்சைடில் பொட்டாசியம் 2, ஆக்சிஜன் 1, நிறை 94.20, அதில் பொட்டாசியம் 83 சதவீதம். சுத்தமான குளோரைடை ஆக்சைடாகச் சொன்னால் 63.2, மூட்டையில் 60, அதாவது சரக்கு ஏறக்குறைய 95 சதவீதம் சுத்தம். தனிமமாகச் சொன்னால் 49.8 சதவீதம் பொட்டாசியம். உங்கள் எண்ணைவிட மூட்டை எண் பெரிதாக இருந்ததற்கு ஆக்சைடு காரணம், ஆனால் உண்மையில் சத்து உங்கள் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் 20-20-0-13 என்று ஒரு காம்ப்ளக்ஸ் உரம் கிடைக்கும். முதல் 20 நைட்ரஜன், தனிமமாக. இரண்டாவது 20 பாஸ்பரஸ், ஆக்சைடாக. கடைசி 13 கந்தகம், மறுபடியும் தனிமமாக. ஒரே வரியில் இரண்டு விதமான எழுத்து முறை! முதல் 20-ம் இரண்டாவது 20-ம் சம எடை என்று நினைத்துவிடக் கூடாது, அங்கே இருக்கும் பாஸ்பரஸ் வெறும் 8.7 சதவீதம்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், காசு. ஒரு பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பரிந்துரையும் மூட்டையும் ஒரே மொழி பேசுகின்றன, இரண்டிலும் தழைச்சத்து என்றால் நைட்ரஜன், மணிச்சத்து என்றால் பென்டாக்சைடு, சாம்பல்சத்து என்றால் பொட்டாசியம் ஆக்சைடு. அதனால் வயல் கணக்கில் மூட்டை எண்ணையே அப்படியே போடுங்கள், பள்ளி எண்ணை இங்கே கொண்டுவராதீர்கள். மணிச்சத்தில் தொடங்க வேண்டும், ஏனென்றால் டிஏபி கூடவே தழைச்சத்தும் கொண்டுவரும். 20 ÷ 0.46 = 43.5 கிலோ டிஏபி. அதிலேயே தழைச்சத்து 7.8 கிலோ வந்துவிடுகிறது. மீதி வேண்டியது 52.2, அதை 0.46-ஆல் வகுத்தால் யூரியா 113 கிலோ, இரண்டரை மூட்டை. (யூரியாவின் 46-ம் டிஏபியின் 46-ம் வேறு வேறு பொருளின் எண், ஒரே மாதிரி இருப்பது தற்செயல்.) பொட்டாஷ் 20 ÷ 0.60 = 33 கிலோ சொச்சம்.

இதே இடத்தில் ஒருவர் உங்கள் 23.45-ஐப் போட்டிருந்தால்? 20 ÷ 0.2345 = 85 கிலோ டிஏபி. ஒரு மூட்டைக்கும் குறைவாகப் போட வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால் மூட்டைக்குக் கிட்டத்தட்டப் போகும். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் வீண், அதிகப்படி பாஸ்பரஸ் பெரும்பகுதி மண்ணிலேயே முடங்கிக் கிடக்கும், துத்தநாகத்தைப் பயிர் எடுப்பதையும் தடுக்கும்.

துத்தநாகம் என்றதும் இன்னொரு பொறி ஞாபகம் வருகிறது, படிகநீர். ஜிங்க் சல்பேட் கடையில் இரண்டு வகை: ஒரு மூலக்கூறுக்கு ஏழு தண்ணீர் சேர்ந்தது, ஒரே ஒரு தண்ணீர் சேர்ந்தது. துத்தநாகத்தின் அணு நிறை 65.38. ஏழு தண்ணீர் வகையின் மோலார் நிறை 287.5, அதில் துத்தநாகம் 22.7 சதவீதம். ஒரு தண்ணீர் வகையில் மோலார் நிறை 179.5, துத்தநாகம் 36.4 சதவீதம். பாக்கெட்டில் முறையே குறைந்தபட்சம் 21, 33 என்று இருக்கும், ஏன் குறைவு என்று இப்போது உங்களுக்கே தெரியும். 21 சதவீத வகையில் 10 கிலோ போடச் சொல்லியிருந்தால் அதே துத்தநாகம் 33 சதவீத வகையில் 6.4 கிலோவிலேயே கிடைத்துவிடும். கிலோ விலையை மட்டும் பார்த்து ஏழு தண்ணீர் வகையை வாங்குகிறவர் எடையில் கிட்டத்தட்டப் பாதியைத் தண்ணீராக வாங்குகிறார், ஒரு கிலோ துத்தநாகத்துக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மயில்துத்தத்திலும் இதே கதை. நீலமாக இருக்கும் தாமிர சல்பேட்டில் ஐந்து தண்ணீர், மொத்த எடையில் 36 சதவீதம் தண்ணீர்தான். தாமிரம் 25.45 சதவீதம். சூடாக்கித் தண்ணீரை விரட்டினால் வெள்ளைத் தூளாகிவிடும், அப்போது தாமிரம் 39.8 சதவீதம். தேர்வுக் கேள்வியில் படிகநீர் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டால் தண்ணீரின் 18-ஐ அத்தனை தடவை பெருக்கி மோலார் நிறையில் சேர்க்க வேண்டும், மேலும் அந்தத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்க்க வேண்டும். சல்பேட்டின் நாலு ஆக்சிஜனோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், மொத்தம் ஒன்பது.

மருந்துக் கடையிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. கால்சியம் மாத்திரையில் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று பெரிதாகவும், தனிமக் கால்சியம் 500 மில்லிகிராம் என்று சின்னதாகவும் இருக்கும். கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம், அவ்வளவுதான் ரகசியம். இரும்புச்சத்து இன்னும் குழப்பம். 60 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால், ஏழு தண்ணீர் சேர்ந்த பெரஸ் சல்பேட்டில் 300 மில்லிகிராம் வேண்டும், இரும்பு 20 சதவீதம் என்பதால். பெரஸ் பியூமரேட் என்றால் 180 போதும், அதில் இரும்பு 33 சதவீதம். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து இதில் 300, அதில் 180, அப்போ முதல் மாத்திரைக்குத்தான் சக்தி அதிகம் என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான். எந்த மாத்திரை, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, நான் எண்ணை மட்டும்தான் சொல்கிறேன்.

சமையல் உப்பில் சோடியம் 39.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் குறைவாக என்று ஒரு இடத்திலும் 5 கிராம் உப்புக்குக் குறைவாக என்று இன்னொரு இடத்திலும் சொல்வது ஒரே அளவைத்தான். பாக்கெட் தின்பண்டங்களில் சோடியம் மட்டும் போட்டிருப்பார்கள், அதை 2.54-ஆல் பெருக்கினால் உப்பு. அயோடின் சேர்த்த உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், அதில் அயோடின் 59.3 சதவீதம். பொட்டாசியம் அயோடைடில் 76.4 சதவீதம் இருக்கிறதே, அதைச் சேர்த்தால் குறைவாகச் சேர்க்கலாமே என்று தோன்றும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அயோடைடு நிற்காது, அயோடின் பறந்துவிடும். சதவீதம் கூடுதல் என்பதற்காக ஒன்று மேல் ஆகிவிடாது.

நிறை சதவீதத்தை வைத்து ஏமாற்றவும் செய்யலாம். பாலில், மாவில் எவ்வளவு புரதம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை எல்லாம் அம்மோனியம் உப்பாக்கி, பிறகு காரம் சேர்த்து அம்மோனியாவாக வெளியேற்றி அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன், அதனால் கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். பாலுக்கு 6.38. முறை அருமையானது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் அதற்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

மெலமின் என்று ஒரு பொருள், பிளாஸ்டிக் தட்டுகள் செய்யும் பிசினுக்கு மூலப்பொருள். கார்பன் 3, ஹைட்ரஜன் 6, நைட்ரஜன் 6. மோலார் நிறை 126.1, நைட்ரஜன் 84.1, ஆக 66.6 சதவீதம்! யூரியாவையே தூக்கிச் சாப்பிடும் எண். ஒரு கிராம் மெலமினைக் கெல்டால் முறையில் அளந்தால் நாலு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் காட்டும். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, குறைந்த புரத அளவைச் சரிக்கட்ட மெலமினைப் போட்டார்கள். சீனாவில் 2008-ல் அது வெளியே வந்தபோது ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன, சிறுநீரகத்தில் கல், ஆறு குழந்தைகள் இறந்தன. போட்டவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகவே தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை. இங்கேயும் பால் கலப்படச் சோதனையில் யூரியாவைத் தேடுவதற்கு இதே நைட்ரஜன் ஒரு காரணம்.

கடைசியாக, சதவீதத்திலிருந்து வாய்பாட்டுக்குத் திரும்பிப் போவது. பாடத்தில் அடுத்து இதுதான் வரும், அதனால் சுருக்கமாக. யூரியாவின் சதவீதங்களையே எடுத்து ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுங்கள்: கார்பன் 20.00 ÷ 12.01 = 1.665, ஹைட்ரஜன் 6.71 ÷ 1.008 = 6.66, நைட்ரஜன் 46.65 ÷ 14.01 = 3.33, ஆக்சிஜன் 26.64 ÷ 16.00 = 1.665. எல்லாவற்றையும் சிறிய எண்ணான 1.665-ஆல் வகுத்தால் 1, 4, 2, 1. வாய்பாடு திரும்பி வந்துவிட்டது. விகிதம் 1.5, 2.33 மாதிரி வந்தால் அதை 2 என்று முழுமைப்படுத்தாதீர்கள், முதலாவதை 2-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்க வேண்டும் என்று அர்த்தம், மற்ற விகிதங்களையும் கூடவே பெருக்க வேண்டும்.

ஆனால் இது விகிதத்தைத்தான் தரும், பொருளை அடையாளம் காட்டாது. ஜெர்மனியில் பிரெட்ரிக் வோலர் 1828-ல் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போய் யூரியாவைப் பெற்றார், சிறுநீரகம் இல்லாமலே யூரியா செய்துவிட்டேன் என்று பெர்சீலியஸுக்கு எழுதினார். அம்மோனியம் சயனேட்டிலும் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்தான். நைட்ரஜன் 46.65 சதவீதம், நீங்கள் எத்தனை தசம இடம் போட்டாலும் யூரியாவோடு ஒத்துப்போகும். குளுக்கோஸுக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும்கூடச் சதவீதம் ஒன்றேதான், அவற்றிலாவது மோலார் நிறை வேறு, இங்கே அதுவும் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கணக்கை மூடிவைத்துவிட்டுச் சோதனைக் குழாயை எடுக்க வேண்டியதுதான். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொஞ்சம் விட்டால் அம்மோனியம் உப்பு குளிர்ந்த நிலையிலேயே அம்மோனியா வாடையைக் கிளப்பும், யூரியாவுக்குச் சூடாக்கினால்தான் வாடை வரும்.